சத்தம் வராத அழுகை

பிம்ப்ரி, புனே
18.6.2024

அன்புள்ள வனஜா அக்காவுக்கு, வித்யா எழுதுவது. அத்தானுக்கு முதுகுவலி குறைந்ததா? சஹானா சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை அது வரவில்லை.

ஷ்யாம் உனக்குப் போனில் சொன்னது பாதிதான். பையன், இரண்டரைக் கிலோ, ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னது நான்தான். உன் குரலைக் கேட்டால் உடைந்துபோவேன். இந்த வார்டு வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நோட்டும் பேனாவும் வைத்திருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி காலையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறந்ததும் அவன் அழவில்லை. அப்படிச் சொல்வதும் சரியில்லை அக்கா. அழுதான். வாயை அகலத் திறந்து, முகத்தைச் சுருக்கி, கையை உதறி உதறி அழுதான். சத்தம் மட்டும் வரவில்லை. உடம்பு நீலமாகிக்கொண்டே போனது. வாய் வழியாகக் குழாய் விடப் பார்த்தார்கள், போகவில்லை. பக்கத்து தியேட்டரிலிருந்து தொண்டை டாக்டர் ஓடிவந்து கழுத்தில் வெட்டி ஒரு ட்யூப் வைத்தார்.

குரல்வளையில் வழியே இல்லாமல் மூடிப் பிறந்திருக்கிறான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே தற்செயலாக ஒரு சின்ன ஓட்டை இருந்ததாம். அதில் கொஞ்சம் காற்று போனதால்தான் அந்தச் சில நிமிஷம் தாங்கினான். தன் சர்வீஸில் இது இரண்டாவது குழந்தை என்றார் டாக்டர். முதல் குழந்தை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

மாமனார் பெயரையே வைத்துவிட்டோம், பத்ரிநாத். பத்ரி என்று கூப்பிடுகிறோம். வேறென்ன எழுத?

உன் தங்கை
வித்யா

அம்பாசமுத்திரம்
27.6.2024

என் வித்யாவுக்கு, அக்கா எழுதிக்கொண்டது. கடிதம் நேற்று கிடைத்தது. ஆபரேஷன் செய்த உடம்போடு ஆஸ்பத்திரி நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் தையல் இழுக்கும். இடுப்பில் துணி கட்டிக்கொள். லேகியமும் பூண்டுப் பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா? உன் மாமியார் எப்படி இருக்கிறார்கள்?

உடனே கிளம்பி வரத்தான் மனசு கிடந்து அடிக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் ஆடிட் நடக்கிறது, எழுத்தர் நான் ஒருத்திதான், லீவு கிடையாது என்கிறார்கள். அத்தானுக்குக் குனிந்து செருப்புப் போட முடியவில்லை. ஆடி கழியட்டும், பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வாயைத் திறந்து அழுதான் என்று எழுதியிருந்தாயே, அதை நீ மட்டும் பார்த்தாயா, நர்சும் டாக்டரும்கூடப் பார்த்தார்களா?

பத்ரிக்கு என் முத்தம். கழுத்தில் படாமல் கொடு.

வனஜா

பிம்ப்ரி
22.7.2024

அன்புள்ள அக்கா, பார்சல் வந்தது. நீ நலம்தானே? அத்தானை டாக்டரிடம் காட்டினீர்களா?

அவன் அழுததை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஏன் அப்படிக் கேட்டாய்?

பத்ரிக்கு இன்று நாற்பது நாள். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். என்னையும் ஷ்யாமையும் அத்தையையும் உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறார்கள். ட்யூப்பில் சளி அடைத்தால் மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டும். பத்து எண்ணுவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். ட்யூப்பே அடைத்துப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட வேண்டும். ஒரு ரப்பர் பொம்மையின் கழுத்தில் போட்டுப் போட்டுப் பழகுகிறோம். அத்தைக்கு எழுபது வயது. என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறார்கள். ஆனால் கை கழுவும்போது, "எங்க காந்தான்ல, வம்சத்துலயே, இப்படி யாருக்கும் கிடையாது" என்று குழாயைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது என்னென்ன செய்தேன் என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஆபீஸ் காரில் ஹிஞ்சேவாடிக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம். தலைவலி மாத்திரை இரண்டு தடவை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அங்கேயே இருந்தது. இப்படி இருபத்து மூன்று வந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். இதில் எதனாலும் இல்லை என்றார். பிறகு, "உங்க குடும்பத்துல பிறந்ததும் அழாம இறந்துபோன குழந்தை யாராவது உண்டா?" என்று கேட்டார்.

அக்கா, சஹானாவுக்கு முன்னால் உனக்கு ஒன்று பிறந்ததே, அது செத்தே பிறந்தது என்றுதானே சொன்னார்கள்? எனக்கு அப்போது ஒன்பது வயது, ஒன்றும் ஞாபகமில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, இல்லையா? ஒரு வரி எழுது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வித்யா

அம்பாசமுத்திரம்
9.8.2024

அன்புள்ள வித்யா, இங்கே ஒரு குறையுமில்லை. அங்கே மழை அதிகம் என்று டி.வி.யில் பார்த்தேன். குழந்தைக்குக் குளிர் தட்டாமல் பார்த்துக்கொள்.

சஹானாவுக்கு ஒரு வரன் கூடிவந்திருக்கிறது. பையன் பெயர் ஸ்ரீநிவாசன், மதுரையில் பேங்கில் வேலை. நல்ல குடும்பம், ரொம்பக் கட்டுப்பாடு பார்க்கிறவர்கள். ஆவணியில் ஏதாவது செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அத்தான் அதே அலைச்சலில் இருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

வனஜா

பிம்ப்ரி
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு. எல்லோரும் சௌக்கியம்தானே?

பத்ரி வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆயிற்று. நீ இரண்டு முறை போன் செய்ததாக ஷ்யாம் சொன்னார். நான் எடுக்கவில்லையென்று கோபப்படாதே. இவன் அழுதால் சத்தம் வராது. பசித்தாலும் மூச்சு முட்டினாலும் ஒரே மாதிரிதான் வாய் திறக்கும். ட்யூப்பில் வரும் 'கர்' சத்தம் ஒன்றுதான் எங்களுக்கு அடையாளம். ஒரு காதைப் போனுக்குக் கொடுத்துவிட்டால் அவன் பக்கம் ஒரு காதுதான் மிச்சம். வீட்டில் மிக்ஸி போடுவதில்லை, டி.வி. இல்லை. மூன்று பேரும் முறை வைத்து முழித்திருக்கிறோம். நான் வேலையை விட்டுவிட்டேன்.

துணைக்கு ஒருத்தி கிடைத்திருக்கிறாள். கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மனைவி, ரோஹிணி தாயி. இங்கே அக்காவைத் தாயி என்பார்கள். அவள் பெண்ணுக்கு நாலு வருஷமாகக் கழுத்தில் ட்யூப். இந்த மாதிரிக் குழந்தைகள் உள்ள வீடுகளை ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளாகவே வருகிறாள். வந்த அன்று ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினைத் தட்டிப் பார்த்து, "கரன்ட் போனா என்ன செய்வே?" என்று ஹிந்தியில் கேட்டாள்.  மறுநாள் அவள் புருஷன் வந்து பேட்டரியில் ஓடும்படி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டரிடம் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தோன்றியது. என் பட்டியல் இப்போது முப்பத்தொன்று.

வித்யா

பிம்ப்ரி
15.10.2024

அக்காவுக்கு. உன்னிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போன வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு பத்ரிக்கு ட்யூப் அடைத்துவிட்டது. ஷ்யாம் ஆபீஸில். அத்தை காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். உறிஞ்சிப் பார்த்தேன், வரவில்லை. ட்யூப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். சரியாகிவிட்டான்.

அன்று சாயங்காலம் ஹரி அண்ணன் சென்னையிலிருந்து போட்டோ அனுப்பினான். சஹானா பச்சைப் பட்டில் அழகாக இருக்கிறாள். நிச்சயதார்த்தம் முடிந்து ஐந்து வாரம் ஆயிற்றாம். எங்களால் வந்திருக்க முடியாது, அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அண்ணனிடம் கேட்டேன். "மாப்பிள்ளை வீட்ல குழந்தை விஷயம் தெரிய வேண்டாம்னு அத்தான் நினைச்சாரு, விடு" என்றான்.

விட்டுவிட்டேன். சஹானாவுக்கு என் ஆசீர்வாதம்.

வித்யா

அம்பாசமுத்திரம்
27.10.2024

வித்யா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், பத்ரி எப்படி இருக்கிறான்?

உன் முதல் கடிதத்தை நான் சங்கத்தில் வைத்துத்தான் படித்தேன். 'வாயை அகலத் திறந்து' என்ற இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அதை அதற்கு முன்னால் ஒரு தடவை நான் பார்த்திருக்கிறேன்.

1999, கார்த்திகை மாதம். பிள்ளை பிறந்ததும் நர்ஸ் தோளில் போட்டு முதுகில் தட்டினாள். அவள் தோளுக்கு மேலே அவன் முகம் என்னைப் பார்த்து இருந்தது. வாயைத் திறந்தான். மூடினான். திரும்பவும் திறந்தான். நெஞ்சு உள்ளே குழிந்தது. விரல் பத்தும் விரிந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அழுதான், பாருங்க, அழுதான்" என்று கத்தினேன். யாரோ திரையை இழுத்து மூடினார்கள். முழித்துப் பார்த்தபோது என் மாமியார், "செத்துத்தான் பிறந்தது, மனசத் தேத்திக்கோ" என்றார்கள். பார்த்தேன் என்று சொன்னேன். "மயக்கத்துல உளறுதா" என்றார்கள். ஆஸ்பத்திரி நோட்டிலும் செத்துப் பிறந்தது என்றே எழுதிவிட்டார்கள். நாளாக ஆக நானும் உளறல்தான் என்று நம்பப் பழகிக்கொண்டேன். அப்படி நம்பினால்தான் சோறு இறங்கியது.

நர்ஸ் பார்த்தாளா, டாக்டர் பார்த்தாரா என்று உன்னிடம் கேட்டது அதனால்தான்.

நீ டாக்டருக்காகக் கேட்ட கடிதம் வந்த வாரம்தான் மதுரையிலிருந்து ஜாதகம் பொருந்தியதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தானிடம் காட்டினேன். "இப்ப எதுக்கு அதைக் கிளறுத? சொன்னா பத்ரி சரியாயிடுவானா? இவ கல்யாணந்தான் நிக்கும்" என்றார். அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். எனக்கும் அதே எண்ணம்தான். நீ உன் பட்டியலில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் பலகாரத்துக்கு லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதை உன் டாக்டரிடம் காட்டு. என்னை மன்னி என்று கேட்கவில்லை.

வனஜா

பிம்ப்ரி
4.12.2024

அக்காவுக்கு,

பத்ரிக்கு நடுவில் நெஞ்சில் சளி கட்டிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது பரவாயில்லை. நீங்கள் நலமா?

உன் கடிதத்தை ஒரு மாதமாகப் பையிலேயே வைத்திருந்தேன். கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன வாரம் டாக்டரிடம் வரிவரியாக ஹிந்தியில் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அதுவும் இதேதானான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பெரும்பாலும் தற்செயலாத்தான் வரும், சில குடும்பத்துல திரும்ப வரலாம். ஆனா உங்க அக்கா உளறலை. குழந்தை அழுததைத்தான் பார்த்திருக்காங்க" என்றார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அத்தையிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் அந்தக் 'காந்தான்' பேச்சை எடுக்கவில்லை.

நீ எழுதிவிட்டாய். நானும் எழுதுகிறேன். அந்த வியாழக்கிழமை ட்யூப் அடைத்தபோது நான் உடனே மாற்றவில்லை. புது ட்யூப் கையில் இருந்தது. ட்யூப்பைக் கழுத்தோடு கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துவிட்டேன். பிறகு நின்றேன். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. இது முடிந்துவிட்டால் அவனுக்கும் வலி இல்லை, எனக்கும் இல்லை என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்கும் தெரியாது. அவன் கை வந்து என் விரலில் இடித்தது. அப்புறம்தான் போட்டேன். அத்தை திரும்பி வந்து, "தனியா சமாளிச்சுட்டியே, சாபாஷ்" என்றார்கள். ஷ்யாம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.

இதை எங்கே சொல்வது அக்கா?

சஹானாவிடம் நீ சொல்லியாக வேண்டும். நாளைக்கு அவளுக்கும் ஒரு டாக்டர் இதே கேள்வியைக் கேட்கலாம்.

வித்யா

அம்பாசமுத்திரம்
16.12.2024

என் வித்யாவுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். கிழிக்கவில்லை, ஒளித்தும் வைக்கவில்லை. 

சஹானாவை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எனக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கான். யாரும் சொல்லவே இல்லையேம்மா" என்றுதான் அழுதாள். ஸ்ரீநிவாசனிடம் அவளே போனில் சொன்னாள். அவர்கள் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அத்தான் ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை.

ஜனவரி ஆறாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். நீ தூங்கிப் பல மாதம் ஆகியிருக்கும். நான் வந்து முழித்திருக்கிறேன்.

வனஜா

அம்பாசமுத்திரம்
12.2.2025

அன்புள்ள வித்யா, சுகமாக வந்து சேர்ந்தேன். பத்ரி பால் குடிக்கிறானா? உன் அத்தைக்கு என் நமஸ்காரம். என்னைத் தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அவர்கள் கீழே படுத்ததை நான் மறக்க மாட்டேன்.

இருபத்தைந்து நாள் இருந்தும் எனக்கு அந்தக் குழாயை உள்ளே விடக் கை வரவில்லை. அவன் வாயைத் திறந்தாலே எனக்கு என் பிள்ளையின் அந்த முகம்தான் தெரிகிறது. உங்களைத் தூங்க வைக்க வந்தவள், ஒவ்வொரு தடவையும் உங்களையே எழுப்பிக்கொண்டிருந்தேன். அவன் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்னால் ஆனது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மதுரைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஸ்ரீநிவாசன் மட்டும் இரண்டு தடவை போன் செய்தானாம். சஹானா எடுக்கவில்லை. திரும்ப வேலைக்குப் போகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஹரி சொல்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம், அவனை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டிப்போனார். ஆற்றங்கரையில் அந்த இடத்தில் இப்போது ரோடு போட்டிருக்கிறார்கள். ஓரமாக வண்டியை நிறுத்தி, "இங்கனதான். இல்ல, இன்னுங் கொஞ்சம் தள்ளி இருக்கும்" என்றார். பிறகு, "துணிக்குள்ள சூடா இருந்தான் வனஜா. நானும் யார்ட்டயும் சொல்லல" என்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

வனஜா

பிம்ப்ரி
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு. நீ, அத்தான், சஹானா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. பத்ரிக்கு ஒன்பது மாதம் முடிந்தது, தலையணை வைத்தால் உட்காருகிறான்.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லையாம், தெரியவில்லை என்றுதான் அர்த்தமாம். குரல்வளையில் ஆபரேஷன் செய்ய நாலு வயதாவது ஆக வேண்டும் என்கிறார்கள். செய்தாலும் பேசுவானா என்று கேட்டால் டாக்டர் கையை விரிக்கிறார்.

நீ வெட்கப்பட்டு எழுதியிருந்தாய். குழாய் போடத் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம் அக்கா. நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாடியில் துணி காயப்போடும்போது நான் அந்த வியாழக்கிழமையை வாயால் சொன்னேனே, அதை முழுக்கக் கேட்டுவிட்டு நீ, "பிழிஞ்சத எடு" என்று கையை நீட்டினாய். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லையென்றால் என்னைச் சமாதானம் செய்திருப்பார்கள். அந்த வியாழக்கிழமையை ஷ்யாமிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

நேற்று ரோஹிணி தாயி என்னைக் கசார்வாடிக்குக் கூட்டிப்போனாள். மனீஷா என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரம். அதே ட்யூப், அதே மெஷின். ஏதோ ஒரு பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடும் இரைச்சலில் ட்யூப் சத்தம் கேட்காது என்று, அவள் குழந்தை நெஞ்சிலேயே உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையால்தான் சாப்பிடுகிறாள், ஒரு கையால்தான் தலை வாருகிறாள். ரோஹிணி தாயி என்னை அவளிடம் விட்டுவிட்டு, "பேசிட்டு இரு" என்று போய்விட்டாள்.

என்ன பேசுவது? "என் பொண்ணுக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "பேசுவாளா?" என்றாள். அதுவும் தெரியாது என்றேன். "உங்களுக்கு எப்ப பயம் போச்சு?" என்றாள். போகவில்லை என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், எழுந்து போய் மெஷினில் சளி சேரும் பாட்டிலைக் கழுவி வைத்தேன். பிறகு குழந்தை நெஞ்சில் என் கையை வைத்து, நீ போய்க் குளித்துவிட்டு வா என்றேன். பத்து நாளாகிறதாம் அவள் தலைக்குக் குளித்து. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கிளம்பும்போது, "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். அவள் கேட்டதிலேயே எனக்குப் பதில் தெரிந்தது அது ஒன்றுதான்.

அத்தை பத்ரி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது. மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

உன்
வித்யா